ஆட்டம் நீண்டால் யாருக்கு லாபம்?

லாஸ்பேட்டையில் ஒரு மொட்டை மாடி, காலாப்பட்டு ஹாஸ்டலில் ஒரு அறை, ஞாயிற்றுக்கிழமை கடலூரிலிருந்து பஸ் ஏறி வருகிற இரண்டு மூன்று பேர். பாண்டிப் பக்கம் டிரேடிங் கார்டு ஆடுகிற கூட்டம் பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கும். அதனால் ஒரு வசதி உண்டு. எதிரில் உட்காருகிறவர் எந்த டெக் (ஆடுவதற்காகக் கட்டிக்கொண்டு வரும் கார்டுக் கட்டு) வைத்திருப்பார் என்று முன்கூட்டியே தெரியும். தெரிந்தும் தோற்கிறோம் என்றால் கோளாறு வேறு எங்கோ இருக்கிறது.

புதிதாக வருகிற தம்பிகள் எல்லோரும் முதலில் கேட்பது, "அண்ணா, எந்த டெக்ணா பெஸ்ட்டு?" அக்ரோ (வேகமாக அடிப்பது), கண்ட்ரோல் (தடுத்துத் தாக்குப்பிடிப்பது), மிட்ரேஞ்ச் (இரண்டுக்கும் நடு), காம்போ (குறிப்பிட்ட கார்டுகள் சேர்ந்ததும் முடிப்பது), ராம்ப் (பெரிய கார்டுகளுக்குச் சீக்கிரம் வளர்வது) என்று வகைகளின் பெயரைச் சொல்லி அனுப்பிவிடலாம். பெயரை வைத்துக்கொண்டு ஆட்டம் ஆட முடியாது. அந்த வகைகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது: இந்த ஆட்டம் நீண்டுகொண்டே போனால் யாருக்கு லாபம்? எனக்கு லாபம் என்றால் நான் தாக்குப்பிடிக்க வேண்டும். அவருக்கு லாபம் என்றால் நான் அடித்து முடிக்க வேண்டும். எத்தனை லேண்ட் (மற்ற கார்டுகளைப் போடச் செலவாகிற மானாவைத் தரும் கார்டு) போடுவது, எந்தக் கையை வைத்துக்கொள்வது, எந்தக் கார்டை எங்கே வீணாக்கக் கூடாது என்பதெல்லாம் இந்தக் கேள்விக்குக் கிடைக்கிற பதிலிலிருந்துதான் வருகிறது.

இங்கே உதாரணங்களை மேஜிக்: த கேதரிங் ஆட்டத்திலிருந்து எடுக்கிறோம். ரிச்சர்ட் கார்ஃபீல்ட் வடிவமைத்து 1993ல் வெளிவந்த ஆட்டம் அது. குறைந்தது 60 கார்டு டெக், அடிப்படை லேண்ட் தவிர ஒரே கார்டு அதிகபட்சம் 4 பிரதி, கையில் 7 கார்டு, ஆளுக்கு 20 உயிர், பக்கத்தில், ஆட்டங்களுக்கு நடுவே மாற்றிக்கொள்ள 15 கார்டு சைட்போர்டு. அதிலும் காமன் (எளிதில் கிடைக்கிற ரகம்) அச்சில் வந்த கார்டுகளை மட்டும் அனுமதிக்கிற பாப்பர் முறையைத்தான் பரிந்துரைப்போம். கல்லூரிப் பையன் கைக்காசில் முழு டெக் கட்ட முடிகிற முறை அது. மலிவு என்பதற்காக ஆட்டம் மட்டமில்லை. பேர்போன லைட்னிங் போல்ட், கவுண்டர்ஸ்பெல் (எதிராளி போடுகிற கார்டைத் தடுப்பது) இரண்டும் காமன் கார்டுகள்தான்.

சிவப்பு டெக்கின் கணக்கு

அடித்து முடிக்கிற டெக் எப்படி யோசிக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள சிவப்பு பர்ன் (எதிராளியின் உயிரை நேரே சுடுகிற) டெக்கைவிட நல்ல பாடம் கிடையாது. லைட்னிங் போல்ட் ஒரு சிவப்பு மானாவுக்கு 3 அடி அடிக்கும். எதிராளியின் 20 உயிரை முடிக்க இப்படி 7 கார்டு போதும், 21 அடி. செயின் லைட்னிங், ரிஃப்ட் போல்ட், லாவா ஸ்பைக் மூன்றும் அதே மூன்று அடி ரகம். நான்கு பெயரும் நான்கு நான்காகப் போட்டால் 16 கார்டு சேர்ந்துவிடுகிறது.

முதலில் ஆடுகிறவர் முதல் சுற்றில் (தன் முதல் முறையில்) கார்டு எடுக்க மாட்டார். அதனால் நாலாவது சுற்றில் அவர் பார்த்திருக்கும் கார்டுகள் 7ம் 3ம் சேர்த்து 10. டெக்கில் 20 லேண்ட் இருந்தால் அந்தப் பத்தில் சராசரியாக 3.3 லேண்ட், மீதி 6.7 அடிக்கிற கார்டு. மூன்று லேண்டோடு நின்றுவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். நான்கு சுற்றில் செலவழிக்கக் கிடைக்கிற மானா 1+2+3+3, மொத்தம் 9. ஒன்று, இரண்டு மானா கார்டுகள் ஏழுக்கு அது போதும். ஆக, எல்லாம் கூடி வந்தால் நாலாவது சுற்று, சாதாரணமாக ஐந்தாவது சுற்று. பர்ன் டெக்கின் மொத்தத் திட்டமும் இவ்வளவுதான்.

இந்தக் கணக்குக்குள் நான்கு மானா கார்டு ஒன்றை நுழைத்துப் பாருங்கள். மூன்று லேண்டோடு நிற்கும்போது அது கையில் செத்த கார்டு. சராசரிக்கு 6.7 கார்டுதான் வருகிறது, அதில் ஒன்று செத்தால் 17 அடியில் ஆட்டம் நின்றுவிடும். எதிராளி 3 உயிரோடு ஆறாவது சுற்றைப் பார்ப்பார், அதற்குப் பிறகு அவருடைய கார்டுகள் எல்லாம் நம்முடையதைவிடப் பெரியவை. "ஒண்ணே ஒண்ணுதான்பா, பவர்ஃபுல்லா இருக்கு" என்று பெரிய கார்டைச் செருகுகிற பழக்கம் அக்ரோ டெக்கைக் கெடுக்கிற அளவுக்கு வேறு எதுவும் கெடுப்பதில்லை.

ஃபயர்பிளாஸ்ட் மாதிரிக் கார்டு இங்கே ஏன் பொருந்துகிறது என்பதும் இதிலேயே தெரியும். ஆறு மானா கார்டு என்று எழுதியிருந்தாலும், இரண்டு மௌண்டனை (சிவப்பு லேண்ட்) பலி கொடுத்தால் மானா இல்லாமலே 4 அடி. கடைசி அடியில் லேண்ட் எதற்கு? ஆட்டம் நீளப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்ட டெக்குக்கு எதிர்காலத்தை அடகு வைப்பதில் நஷ்டமில்லை. நீண்ட ஆட்டம் ஆடுகிறவர் கையில் அதே கார்டு தற்கொலைக்குச் சமம்.

ஒரே டெக், இரண்டு வேடம்

இப்போதுதான் விஷயம் சுவாரசியமாகிறது. பர்ன் டெக் எப்போதும் அடிக்கிற டெக் என்று நினைத்தால் பாதி ஆட்டம் தோற்கும்.

எதிராளி எல்ஃப் டெக். முதல் சுற்றில் ஃபாரஸ்ட் (பச்சை லேண்ட்), லானோவர் எல்வ்ஸ். ஒரு அடி கொடுத்து ஒரு அடியில் சாகிற சின்ன உருவம் (மேசையில் நின்று சண்டை போடும் கார்டு), பச்சை மானா ஒன்று தரும். உங்கள் கையில் ஒரு போல்ட், இரண்டு மௌண்டன், மற்றவை. முகத்தில், அதாவது எதிராளியின் உயிரில் அடித்தால் 20, 17 ஆகும். எல்ஃபை அடித்தால் ஒன்றும் ஆகாத மாதிரி இருக்கும். ஆனால் அந்த எல்ஃப் பிழைத்தால் அடுத்த சுற்றில் அவருக்கு மூன்று மானா, அதற்கடுத்த சுற்றில் இன்னும் இரண்டு எல்ஃப் சேர்ந்து ஐந்தாறு. எல்ஃப் டெக்கில் லேண்ட் குறைவாகத்தான் இருக்கும், எல்ஃப்தான் அதற்கு லேண்ட். அதை அடித்தால் ஒரு முழு சுற்றையே அவரிடமிருந்து பிடுங்குகிறீர்கள். எனவே முதல் சுற்றில் போல்ட் எல்ஃபுக்கு. அதே எல்ஃப் ஆறாவது சுற்றில் வந்தால் தொடாதீர்கள், அப்போது அது வெறும் குட்டி உருவம், போல்ட் முகத்துக்கு.

சிவப்புக்குச் சிவப்பே எதிரில் வந்தால் இன்னும் நுட்பம். இரண்டு பேரும் ஒரே கார்டுகள், ஒரே கணக்கு. வித்தியாசம் யார் முதலில் ஆடுகிறார் என்பது மட்டும். முதலில் ஆடுகிறவர் ஒரு சுற்று முன்னால் இருக்கிறார், இரண்டாவதாக ஆடுகிறவர் ஒரு கார்டு முன்னால் இருக்கிறார். முகத்துக்கு முகம் அடித்துக்கொண்டால் முன்னால் இருக்கிறவர்தான் முதலில் முடிப்பார், அது கூட்டல் கழித்தல். ஆகவே இரண்டாவதாக ஆடுகிறவருக்கு வழி ஒன்றுதான்: அவர் இறக்குகிற சின்ன உருவங்களை ஒவ்வொன்றாக அடித்து, ஆட்டத்தை நீட்டி, அந்த ஒரு அதிகப்படி கார்டை லாபமாக்குவது. லாவா ஸ்பைக் ஆளை மட்டும்தான் தாக்கும், உருவத்தைத் தொடாது. அதனால் இந்த வேடத்துக்கு அது உதவாது. இரண்டாவது ஆட்டத்தில் நீங்கள் பின்னால் ஆடப் போகிறீர்கள் என்றால் முதலில் வெளியே எடுக்க வேண்டியது அதைத்தான்.

எங்கள் மேசையில் அடிக்கடி காதில் விழுகிற வசனம் ஒன்று: "நீ காக்க வேண்டிய ஆளுபா, ஏன் அடிச்சுக்கிட்டு இருக்க?" தலைகீழாகவும் கேட்கும்.

நீல ஃபேரி (பறக்கிற குட்டி உருவங்கள்) டெக்குக்கு எதிரே வேடம் சந்தேகமில்லாமல் அடிக்கிற வேடம். அது கவுண்டர்ஸ்பெல் வைத்துக்கொண்டு, சுற்றுக்கு ஒரு கார்டு அதிகமாக எடுத்துக்கொண்டு, நிதானமாகக் கழுத்தை நெரிக்கிற டெக். ஆனால் எப்போது அடிப்பது என்பதில்தான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள். நிலைமை இப்படி: அவருக்கு 9 உயிர், நான்கு ஐலண்ட் (நீல லேண்ட்), நான்கையும் சாய்க்காமல் (மானா எடுத்த லேண்டைச் சாய்த்து வைப்பார்கள்) திறந்து வைத்துவிட்டுத் தன் சுற்றை முடிக்கிறார். உங்கள் கையில் போல்ட் மூன்று. உங்கள் சுற்று வரட்டும் என்று காத்திருந்து ஒன்றன் பின் ஒன்றாகப் போட்டால் அவர் இரண்டு கவுண்டர்ஸ்பெல்லுக்கும் மானா வைத்திருக்கிறார், ஒவ்வொன்றும் இரண்டு நீல மானா. அதற்குப் பதில் அவருடைய சுற்றின் முடிவிலேயே, அதாவது அவர் 'முடிச்சுட்டேன்' என்று சொன்ன உடனே, ஒரு போல்டைப் போடுங்கள். அவர் தடுத்தால் இரண்டு ஐலண்ட் சாய்ந்துவிடும். அவருடைய லேண்டுகள் நிமிர்வது அவருடைய அடுத்த சுற்றின் தொடக்கத்தில்தான், உங்கள் சுற்றில் அல்ல. ஆக, உங்கள் சுற்றில் மீதி இரண்டு போல்டுக்கும் எதிரே அவரிடம் ஒரே ஒரு கவுண்டருக்குத்தான் மானா, உங்கள் லேண்டுகளோ மறுபடி நிமிர்ந்திருக்கும்; மூன்று போல்டுக்கும் ஒரே சுற்றின் மானாவைச் செலவழிக்காததுதான் உங்கள் லாபம். தடுக்கவில்லை என்றால் 9, 6 ஆகிவிட்டது, உங்கள் சுற்றில் இரண்டு போதும்.

இதே டெக்கில் ஸ்பெல்ஸ்டட்டர் ஸ்ப்ரைட் என்று ஒரு ஃபேரி உண்டு. எதிராளி கார்டு போடும்போது குறுக்கே பறந்து வந்து இறங்கும். அவரிடம் எத்தனை ஃபேரி இருக்கிறதோ, அத்தனை மானா அல்லது அதற்குக் குறைந்த கார்டைத் தடுக்கும். இதற்குச் சிவப்பில் மருந்து இருக்கிறது. ஸ்ப்ரைட் இறங்கி, தடுக்கிற வேலை இன்னும் நடந்து முடியாத அந்த இடைவெளியில் இன்னொரு போல்டை ஸ்ப்ரைட் மேலேயே போடுங்கள். அது செத்தால் ஃபேரி எண்ணிக்கை குறையும், அது ஒன்றுதான் இருந்தது என்றால் பூஜ்யம். ஒரு மானா கார்டைக்கூடத் தடுக்க முடியாது, உங்கள் முதல் போல்ட் போய்ச் சேரும். இதற்கு இரண்டாவது மௌண்டன் திறந்திருக்க வேண்டும். அதனால்தான் ஃபேரிக்கு எதிரே இரண்டாவது சுற்றில் இரண்டு மானாவையும் ஒரே கார்டில் கொட்டாதீர்கள் என்கிறோம்.

மறுபக்கம், தாக்குப்பிடிக்கிறவர் கையில் இருக்கிற பெரிய ஆயுதத்தை அடிக்கிறவர் எண்ணி வைத்திருக்க வேண்டும். கறுப்பு டெக்கின் கிரிப்ட் ராட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். இறக்க மூன்று மானா. பிறகு எத்தனை கறுப்பு மானா ஊற்றுகிறாரோ, அத்தனை அடி எல்லா உருவங்களுக்கும் இரண்டு ஆளுக்கும் சேர்த்து. இறங்கிய சுற்றிலேயே பயன்படுத்தலாம். அப்படியானால் அவருடைய நாலாவது ஸ்வாம்ப் (கறுப்பு லேண்ட்) விழுகிற சுற்றில் ஒரு அடி, ஐந்தாவதில் இரண்டு. எல்ஃபுகளில் பாதிக்கு மேல் ஒரு அடியில் சாகிற ரகம். மூன்றாவது ஸ்வாம்ப் விழுந்ததைப் பார்த்ததும் எல்ஃப் ஆடுகிறவர் கையில் இரண்டு நல்ல உருவத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். மேசையில் இருப்பதே மூன்று நான்கு சுற்றில் ஆட்டத்தை முடிக்கும் என்றால் அதற்கு மேல் இறக்குவது எதிராளிக்குக் கொடுக்கிற பரிசு. மேசையில் இருப்பது போதாது என்றால் மட்டும் துணிந்து கொட்டலாம், அப்போது வேறு வழி இல்லை.

மிட்ரேஞ்ச் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வேகமான டெக்குக்கு எதிரே காக்கும், மெதுவான டெக்குக்கு எதிரே அடிக்கும், வேடம் மாறத் தெரிந்தவர் கையில் மட்டும் வேலை செய்யும். முதல் டெக்காக அதைக் கட்டாதீர்கள்.

காம்போ வேறு உலகம். இரண்டு குறிப்பிட்ட கார்டு சேர்ந்தால் ஆட்டம் முடியும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் நான்கு நான்கு பிரதி. முதல் ஏழு கார்டில் இரண்டுமே கையில் இருக்கிற வாய்ப்பு 14.5 சதவீதம்தான். பத்து கார்டு பார்த்தாலும் 26.5. அதனால்தான் காம்போ டெக்கில் போண்டர், பிரெய்ன்ஸ்டார்ம் மாதிரித் தேடுகிற கார்டுகள் எட்டுப் பத்து கிடக்கும். இதற்கு எதிரே ஆடுகிறவர் செய்கிற தப்பு, கையில் தடுக்கிற கார்டு இருக்கிறது என்று நிம்மதியாக உட்கார்ந்துவிடுவது. தடுத்துக்கொண்டே சும்மா இருந்தால் அவர் மறுபடியும் தேடிச் சேர்த்துவிடுவார், நேரம் அவருக்கு லாபம். ஒரு கையால் தடுத்துக்கொண்டே இன்னொரு கையால் சுற்றுக்கு இரண்டு மூன்று உயிராவது கழிக்க வேண்டும்.

லேண்ட், முதல் கை, பிரதி

24 லேண்ட் உள்ள 60 கார்டு டெக்கில் முதல் ஏழில் இரண்டு முதல் நான்கு லேண்ட் வருகிற வாய்ப்பு 77 சதவீதம். ஒன்றும் இல்லாமலோ ஒன்றே ஒன்றோ வருவது 14, ஐந்தோ அதற்கு மேலோ வருவது 8. லேண்டை 20ஆகக் குறைத்தால் ஒன்று அல்லது பூஜ்யம் வருவது கிட்டத்தட்ட 25 சதவீதம், நான்கு கைக்கு ஒன்று. "லேண்டே வரலைடா" என்று டெக்கைத் திட்டுகிறவர்கள் முதலில் லேண்டை எண்ணிப் பார்க்கட்டும். ஐந்து மானா கார்டு ஆறு வைத்துக்கொண்டு 20 லேண்ட் போட்டால் அதிர்ஷ்டத்தைக் குறை சொல்ல வழியில்லை. பத்து கார்டில் நாலாவது லேண்ட் சராசரியாக வர 24 வேண்டும். ஒன்று, இரண்டு மானாவிலேயே வேலை முடிகிற டெக்குக்கு 18 முதல் 20. நாலு, ஐந்து மானாவை நம்பியிருக்கிற டெக்குக்கு 24 முதல் 26.

இரண்டு நிறம் கலக்கும்போது இன்னொரு எண் முக்கியம். முதல் சுற்றிலேயே ஒரு நிறம் வேண்டும் என்றால், அந்த நிறம் தருகிற லேண்ட் 10 இருந்தால் முதல் கையில் அது இருக்கிற வாய்ப்பு 74 சதவீதம். 12 என்றால் 81, 14 என்றால் 86. பதினான்குக்குக் கீழே போனால் முதல் சுற்றுக் கார்டை அந்த நிறத்தில் வைக்காதீர்கள், அதை மூன்றாவது சுற்றுக் கார்டாக நினைத்துக்கொள்ளுங்கள்.

மல்லிகன் (முதல் கையை மறுத்து வேறு கை எடுப்பது) விதி 2019ல் மாறியது. இப்போது கையை மறுத்தால் மறுபடி ஏழு கார்டு எடுத்து, எத்தனை முறை மறுத்தீர்களோ அத்தனையை டெக்கின் அடியில் வைக்க வேண்டும். முன்பைவிட இது எவ்வளவோ மேல். ஆறு கார்டு கை என்பது ஏழில் ஆறு சிறந்தது. ஆனாலும் நம் ஆட்கள் கையை மறுக்கக் கூச்சப்படுகிறார்கள். 20 லேண்ட் சிவப்பு டெக்கில் ஒரே லேண்ட் உள்ள கை வந்தது, நீங்கள் முதலில் ஆடுகிறீர்கள். இரண்டாவது சுற்றில் இரண்டாவது லேண்ட் வருகிற வாய்ப்பு 19/53, சுமார் 36 சதவீதம். மறுத்துவிடுங்கள். இரண்டாவதாக ஆடினால் இரண்டு கார்டு பார்ப்பீர்கள், 59 சதவீதம். மீதி ஆறும் ஒரு மானா கார்டாக இருந்தால் அப்போது யோசிக்கலாம். 24 லேண்ட் டெக்கில் இரண்டு லேண்ட் உள்ள கை என்றால் மூன்றாவது சுற்றில் மூன்றாவது லேண்ட் முதலில் ஆடினால் 66 சதவீதம், பின்னால் ஆடினால் 81. ஒரே கை, உட்காருகிற பக்கத்தைப் பொறுத்து வைக்கலாமா கூடாதா என்பது மாறுகிறது.

எத்தனை பிரதி? நான்கு போட்டால் முதல் ஏழில் ஒன்றாவது வர 40 சதவீதம், மூன்று போட்டால் 31.5, இரண்டு போட்டால் 22, ஒன்று போட்டால் 12. முதல் இரண்டு சுற்றில் வேண்டிய கார்டு நான்கு. ஆட்டத்தின் கடைசியில் ஒரே ஒரு தடவை வந்தால் போதும் என்கிற விலை உயர்ந்த கார்டு இரண்டு. எல்லாவற்றிலும் இரண்டு இரண்டு போட்டு 'வெரைட்டி'யாகக் கட்டுகிற டெக் ஒவ்வொரு ஆட்டத்திலும் வேறு டெக்காக நடக்கும். ஆடுகிறவர் அதைப் புரிந்துகொள்ளவே முடியாது.

சைட்போர்டும் மேசைக் கணக்கும்

மூன்றில் இரண்டு வெல்ல வேண்டிய மேட்சில் பாதிக்கு மேற்பட்ட ஆட்டங்கள் சைட்போர்டுக்குப் பிறகுதான் நடக்கின்றன. அந்த 15 கார்டுக்கு ஐந்து நிமிடம்கூட ஒதுக்காமல் வருவது வழக்கமாகிவிட்டது. பைரோபிளாஸ்ட் நீலக் கார்டைத் தடுக்கும் அல்லது அழிக்கும், ஹைட்ரோபிளாஸ்ட் சிவப்புக்கு அதையே செய்யும், இரண்டும் ஒரு மானா. எலெக்ட்ரிக்கரி எதிராளியின் எல்லா உருவங்களுக்கும் ஒரு அடி கொடுக்க வல்லது, எல்ஃபுக்கும் ஃபேரிக்கும் எமன். பர்ன் தொல்லைக்குப் பச்சையில் வெதர் த ஸ்டார்ம். நல்ல மருந்துகள்தான், அளவு மீறினால் பிரச்சினை.

சிவப்பு டெக் ஃபேரிக்கு எதிரே பைரோபிளாஸ்ட் நான்கு உள்ளே கொண்டுவருகிறது, சரி. அதோடு இன்னும் நான்கு வேறு தடுப்புக் கார்டும் வந்தால் அடிக்கிற கார்டு எட்டு வெளியே போயிருக்கும். மேலே சொன்ன 6.7 என்ற கணக்கு உடைந்துபோகும். அடிக்கிற டெக்குக்கு நான்கைந்து கார்டுக்கு மேல் மாற்றாதீர்கள். தாக்குப்பிடிக்கிற டெக் எட்டு பத்து மாற்றினாலும் தாங்கும், அதற்கு அடர்த்தி தேவையில்லை. இன்னொரு பொறி, மருந்துக் கார்டு கையில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக மோசமான கையை வைத்துக்கொள்வது. ஒரு பைரோபிளாஸ்டும் ஆறு லேண்டும் கை ஆகாது.

எந்த மேட்சுக்கு எது உள்ளே, எது வெளியே என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மேஜிக்கில் இரண்டு ஆட்டத்துக்கு நடுவே அப்படிச் சுருக்கக் குறிப்பைப் பார்க்க விதி அனுமதிக்கிறது. ஆட்டத்தின் நடுவில் வெளியிலிருந்து கொண்டுவந்த குறிப்பை எடுத்தால் அது தவறு.

எட்டுப் பேர் மேசைக்கு டெக் தேர்ந்தெடுக்கும்போது எல்லோரும் செய்கிற ஒன்று: "மூணு பேர் ரெட்டு ஆடுறாங்க, ரெட்டை அடிக்கிற டெக் எடுத்துடலாம்." கணக்குப் போட்டுப் பாருங்கள். எதிரே ஏழு பேர்: சிவப்பு மூன்று, ஃபேரி இரண்டு, எல்ஃப் இரண்டு என்று வைத்துக்கொள்வோம். சிவப்பை அடிப்பதற்கென்றே கட்டிய டெக் நூறில் சிவப்பை 60, ஃபேரியை 40, எல்ஃபை 50 வெல்லும் என்றால் சராசரி 51.4. சிவப்பிடம் 45 மட்டுமே, ஃபேரி, எல்ஃப் இரண்டையும் 60 வெல்கிற டெக்குக்குச் சராசரி 53.6. மேசையில் அதிகம் இருக்கிற டெக்கை அடிப்பதைவிட, மீதி இருக்கிற நான்கு பேரை நன்றாக அடிப்பது மேல் என்று இந்த உதாரணத்தில் வருகிறது. எண்கள் மாறினால் விடையும் மாறும், அதனால் ஊகிக்காமல் எழுதிப் பார்க்க வேண்டும். ஒரு மேட்ச்-அப்புக்கு, அதாவது இரண்டு டெக்கின் மோதலுக்கு, பத்து ஆட்டமாவது ஆடிப் பார்க்காமல் 60, 40 என்று சொல்வதும் வெறும் பேச்சு.

ஆடிப் பார்க்க அசல் கார்டு வாங்க வேண்டியதில்லை. காகிதத்தில் பெயர் எழுதி, ஏதாவது ஒரு மலிவுக் கார்டுக்கு முன்னால் ஸ்லீவில் (பிளாஸ்டிக் உறை) செருகினால் போதும். வீட்டு மேசைக்கு அது சரி, அங்கீகரிக்கப்பட்ட போட்டியில் செல்லாது.

போக்கிமான் ஆடுகிறவர்களுக்கும் கேள்வி அதேதான், அளவுகோல் மட்டும் வேறு. அங்கே உயிருக்குப் பதில், ஆளாளுக்குத் தன் டெக்கிலிருந்து ஒதுக்கி வைக்கிற ஆறு பரிசுக் கார்டு; முதலில் எடுத்து முடிப்பவருக்கு வெற்றி. ஈஎக்ஸ் (பலம் கூடிய ரகம்) போக்கிமான் விழுந்தால் எதிராளிக்குப் பொதுவாக இரண்டு பரிசு, மூன்று விழுந்தால் ஆட்டம் முடிந்தது. ஒற்றைப் பரிசு போக்கிமான் மட்டும் வைத்த டெக் எதிராளியை ஆறு தடவை வீழ்த்த வைக்கும், அதுவே அதன் நேர லாபம். 60 கார்டு டெக்கில் அடிப்படை (ஆட்டத்தைத் தொடங்கத் தேவையான) போக்கிமான் 8 மட்டும் இருந்தால் முதல் ஏழில் ஒன்றும் வராமல் கையைக் காட்டி மறுபடி எடுக்க வேண்டிய வாய்ப்பு 35 சதவீதம், 12 இருந்தால் 19. மறுபடி எடுக்கும் ஒவ்வொரு முறைக்கும் எதிராளி ஒரு கார்டு கூடுதலாக எடுக்கலாம் என்பதை மறக்காதீர்கள். ஒரே ஒரு பிரதி வைத்த முக்கியக் கார்டு பரிசுக்குள் போய் மாட்டிக்கொள்ள 10 சதவீதம். முதல் தடவை டெக்கைத் தேடும்போதே எது காணவில்லை என்று எண்ணிவிடுங்கள். யூ-கி-ஓவில் 40 கார்டு, மூன்று பிரதி, ஐந்து கார்டு கை: ஒன்றாவது வர 34 சதவீதம். அங்கே சிலர் 45, 50 என்று டெக்கை ஊதவிடுவதை இந்த எண்ணை வைத்துத்தான் யோசிக்க வேண்டும்.

கடல் காற்றும் சென்னைப் பயணமும்

நம் ஊருக்கே உரிய தொல்லை ஈரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஃபாயில் (பளபளப்பு அடுக்கு ஒட்டிய) கார்டு வளைந்துவிடும். காகிதம் ஈரத்தை உறிஞ்சி விரிகிறது, பளபளப்பு அடுக்கு விரிவதில்லை, அதனால் கார்டு முகப்புப் பக்கமாகக் குழிகிறது. பார்க்க அசிங்கம் என்பதோடு போகாது. டெக்கில் நான்கு கார்டு மட்டும் வளைந்திருந்தால் கலைத்து வெட்டும்போது அந்த இடத்தில் கட்டு தானாகப் பிரியும். நடுவர் அதை அடையாளமிட்ட கார்டு என்று எடுத்துக்கொள்ளலாம், நோக்கம் இல்லாவிட்டாலும் தண்டனை உண்டு. போட்டி டெக்கில் ஃபாயில் வேண்டாம் என்பதே எளிய வழி. விட மனமில்லை என்றால் உள் ஸ்லீவ், வெளி ஸ்லீவ் என்று இரண்டு உறை போட்டு, மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். பொட்டலம் ஈரம் குடித்துத் தீர்ந்ததும் மாற்ற வேண்டும், வருஷக்கணக்கில் அதே பொட்டலம் கிடந்து பயனில்லை.

ஸ்லீவ் வாங்கும்போது மேஜிக், போக்கிமான் கார்டு 63க்கு 88 மில்லிமீட்டர், யூ-கி-ஓ 59க்கு 86 என்பதைச் சரிபாருங்கள். 75 கார்டுக்கு நூறு ஸ்லீவ் பாக்கெட் ஒன்று வாங்கி, மீதி 25ஐக் கிழிவதற்கு ஈடாக வைத்துக்கொள்வது நல்லது. பழைய பாக்கெட்டில் ஐந்து கிழிந்ததும் புதிய பாக்கெட்டிலிருந்து ஐந்து போட்டால் அந்த ஐந்தும் கைக்கு வழவழவென்று தனியாகத் தெரியும். வியர்வைக் கையால் கலைக்கிற ஊரில் ஸ்லீவ் சீக்கிரம் பிசுபிசுக்கும், ப்ளேமேட்டுக்கு (ஆடுகிற விரிப்பு) பக்கத்தில் ஒரு கைக்குட்டை வையுங்கள். பீச் ரோட்டில் உட்கார்ந்து ஆடலாம் என்று ஆசைப்பட வேண்டாம், ஒரே காற்றில் சைட்போர்டு கடலுக்குப் போய்விடும். மொட்டை மாடியிலும் மாலைக் காற்று எழும் முன் முடிப்பதே புத்திசாலித்தனம்.

சென்னையில் போட்டி என்றால் ஈசிஆர் பஸ்ஸில் மூன்று மணி நேரத்துக்கு மேல். பத்து மணிப் பதிவுக்கு ஆறு மணிக்கே ஏறிவிடுங்கள். டெக் பட்டியல் கேட்கிற போட்டியாக இருந்தால் அதை முதல் நாள் இரவே எழுதி, 60ஐயும் 15ஐயும் இரண்டு பேர் எண்ணிச் சரிபாருங்கள். பஸ்ஸில் கடைசி நேர யோசனையில் ஒரு கார்டை மாற்றிவிட்டுப் பட்டியலை மாற்றாமல் விடுவதுதான் போட்டியின் முதல் சுற்றிலேயே ஆட்டத்தை இழக்க வைக்கும். போட்டியின் ஒரு சுற்றுக்கு, அதாவது ஒரு மேட்சுக்கு, 50 நிமிடம். வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு 1. தாக்குப்பிடிக்கிற டெக் எடுத்துப் போகிறவர்கள் வீட்டில் மணி வைத்து ஆடிப் பழக வேண்டும். முதல் ஆட்டத்தில் வழியே இல்லை என்று தெரிந்தால் முப்பதாவது நிமிடம் வரை இழுக்காமல் சீட்டைக் கலைத்துவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள், மீதி இரண்டை ஆட நேரம் இருக்கும். பதினாறு பேர் வரை வந்தால் பொதுவாக நான்கு சுற்று, அதற்கு மேல் முப்பத்திரண்டு பேர் வரை ஐந்து. திரும்பி வர எந்த பஸ் என்பதைப் போகும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.